டாங்க் காலியாகி நின்றால் காருக்குக் கேடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், அதில் மூன்று முறை நடுரோட்டில் எரிபொருள் தீர்ந்து நின்றிருக்கிறேன், அந்த மூன்றில் ஒன்று டீசல் வண்டி. அந்தக் கதை வீட்டிலும் ஆபீசிலும் பரவியதிலிருந்து, யாருக்கு ரிசர்வ் லைட் எரிந்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள், வண்டி கெட்டுப்போகுமா?

பெட்ரோல் கார் என்றால், ஒருமுறை நின்றதற்காக எதுவும் ஆகாது, பழக்கமாக வைத்துக்கொண்டால் பம்ப் போகும். டீசல் கார் என்றால் ஒருமுறைகூட வேண்டாம். ஒரு வரி கேட்டீர்கள், இரண்டு வரி ஆகிவிட்டது. இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன்: நான் பார்த்தவரை வண்டி நின்றதால் கெட்டதைவிட, நின்ற பிறகு அந்தப் பதற்றத்தில் நாம் செய்கிற வேலைகளால் கெட்டதுதான் அதிகம்.

பெட்ரோல் தீரும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கத்தில் இருக்கும். இன்ஜின் சுற்றுவதை வைத்தே அது இயங்கும், டாங்க் காலியானாலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இப்போதைய கார்களில் அப்படி இல்லை. பம்ப் ஒரு மின் மோட்டார், அது டாங்குக்கு உள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. மின்சார மோட்டாரைக் கொண்டுபோய்ப் பெட்ரோலுக்குள் வைத்திருக்கிறார்களே, தீப்பிடிக்காதா என்று நான் முதலில் கேட்டபோது மெக்கானிக் சிரித்தார். எரிவதற்குக் காற்று வேண்டும், பெட்ரோல் நிரம்பிய இடத்தில் அதற்கு வழியில்லை.

அந்த மோட்டாரைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான், உள்ளே சுற்றுகிற பாகங்கள் தேயாமல் வழவழப்பாக வைப்பதும் பெட்ரோல்தான். போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், காயில் கட்டிய செலவு ஞாபகம் இருக்கும். காரிலும் அதே கதைதான். பெட்ரோல் குறையக் குறைய பம்ப் சூடாகிறது. முழுக்கத் தீர்ந்தால் சில விநாடிகள் காற்றை உறிஞ்சிக்கொண்டு வெறுமனே சுற்றுகிறது, அப்போதுதான் தேய்மானம் அதிகம்.

ஆனால் கார் செய்கிறவர்களுக்கும் நம் குணம் தெரியும். பம்பைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி வைத்திருப்பார்கள், டாங்கில் கொஞ்சமே இருந்தாலும் அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அதோடு, பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றவுடன் கம்ப்யூட்டர் பம்பையும் நிறுத்திவிடும். அதனால்தான் ஒருமுறை நின்றால் பம்ப் பிழைத்துவிடுகிறது. வாரம் முழுக்க ரிசர்வ் லைட்டிலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப்தான் சில வருடத்தில் ‘உய்ய்ய்’ என்று பின்சீட்டுக்கு அடியிலிருந்து முனக ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். பம்பை மாற்றுவது சில ஆயிரத்தில் ஆரம்பித்து, வண்டியைப் பொறுத்து மேலே போகும் செலவு.

டாங்க் அடியில் இருக்கும் கசடெல்லாம் இன்ஜினுக்குள் போய்விடும் என்கிறார்களே?

பாதி உண்மை. பம்ப் எப்போதுமே டாங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, ஃபுல் டாங்க் இருந்தாலும் அப்படித்தான். மேலாக இருக்கும் நல்ல பெட்ரோலை முதலில் குடித்துவிட்டுக் கசடைக் கடைசிக்கு வைப்பதில்லை, அது காபி டம்ளர் இல்லை. அடியில் வலை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது, அதைத் தாண்டி ஃபில்டர் இருக்கிறது. பிளாஸ்டிக் டாங்க் உள்ள கார்களில் துருவும் கிடையாது.

இரும்பு டாங்க் உள்ள பழைய வண்டி, அதுவும் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் கொஞ்சம் கவலைப்படலாம். அடியில் துருவும் தண்ணீரும் தேங்கியிருக்கும், மேலே பெட்ரோல் நிறைய இருக்கும்வரை ஓரமாகக் கிடப்பது, கடைசி ஒரு லிட்டரில் வண்டி குலுங்கக் குலுங்கக் கலங்கி மொத்தமாக வடிகட்டிக்கு வரும்.

சைலன்சர் பக்கம் ஏதோ விலை உயர்ந்த பாகம் கெடும் என்றார்களே, அது என்ன?

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். புகையில் உள்ள விஷ வாயுக்களை மாற்றும் பாகம். தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். 1995-இல் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள், கூடவே ஈயம் கலக்காத பெட்ரோலும் வந்தது. அதற்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் எதுவாக இருந்தாலும் இது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் தீரப்போகும்போது சிலிண்டருக்குச் சரியான அளவு வராது, இன்ஜின் ‘மிஸ்’ அடிக்கும். சில சமயம் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய் இந்தத் தேன்கூட்டின்மேல் எரியும். அது ஏற்கெனவே சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும் பாகம், அதற்குமேல் சூடேறினால் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் குலுங்கி நின்றதற்கெல்லாம் இது நடக்காது. நின்ற வண்டியை நாலு பேர் தள்ள, கியரைப் போட்டு கிளட்சை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே போவோம் பாருங்கள், அதுதான் அதற்கு வினை. பெட்ரோலே இல்லாத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து என்ன ஆகப்போகிறது என்று தள்ளுகிற நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

டீசல் கார் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இதற்குத்தான் என் கதை. 2013 மாடல் டீசல் கார், இரண்டாம் கையில் வாங்கியது. திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம், உளுந்தூர்பேட்டை தாண்டியாயிற்று. திரையில் இன்னும் 45 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. மச்சான், “விழுப்புரத்துல போட்டுக்கலாம் மாமா, அங்கதான் டீயும் நல்லாருக்கும்” என்றான். டீக்காக ஒரு பங்கைத் தாண்டினோம், அப்புறம் இன்னொன்றையும். அடுத்தது வருவதற்குள் வண்டி ஒருமுறை குலுங்கியது, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பிக்கப் இல்லை, நின்றுவிட்டது.

அங்கேதான் தப்பு செய்தேன். மச்சானை லாரி ஒன்றில் ஏற்றி அனுப்பி, கேனில் ஐந்து லிட்டர் டீசல் வரவழைத்து ஊற்றினேன். அதுவரை சரி. டாங்க் காலியானபோது டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும், முதலில் அதை வெளியேற்ற வேண்டும் என்று தெரியாமல், ஊற்றியவுடன் செல்ஃப் அடிக்க ஆரம்பித்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி, மறுபடி, பேட்டரி ‘டிக் டிக்’ என்று மட்டும் சொல்லும் வரைக்கும் அடித்தேன்.

மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. சின்னப் பையன்தான். பானெட்டைத் தூக்கி, செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, டீசல் ஃபில்டருக்கு மேலே இருக்கும் குமிழ் மாதிரியான ஹேண்ட் பம்பைக் கட்டை விரலால் அமுக்க ஆரம்பித்தான். முதலில் அது காற்றுப்போன பந்து மாதிரி ‘பொசுக் பொசுக்’ என்றது. பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் அங்கிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை வந்தது, கோலி சோடா பொங்குகிற மாதிரி. அமுக்கிக்கொண்டே இருந்தான். நுரை குறைந்து, குமிழி குறைந்து, கடைசியில் தடையில்லாமல் டீசல் மட்டும் நூல் மாதிரி வழிந்தது. குமிழும் கல் மாதிரி கெட்டியானது. ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, “ஏர் போயிடுச்சு சார். வண்டி நின்னதுல ஒண்ணும் ஆகல, நீங்க செல்ஃப் அடிச்சுத்தான் பேட்டரிய முடிச்சிட்டீங்க” என்றான். அந்த வழியே வந்த வேன்காரர் ஒருவரிடம் கேபிள் வாங்கி, அவர் பேட்டரியில் கொடுத்து ஸ்டார்ட் செய்தோம்.

என் பேட்டரியோடு போனது நல்ல நேரம். காமன் ரயில் டீசல் வண்டிகளில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ‘ரயில்’ என்ற ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகையில், டீசலை 1,600 பார், சிலவற்றில் 2,000 பார் அழுத்தத்துக்கு ஏற்றி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறார்கள். நம் கார் டயரில் அடிக்கும் காற்று இரண்டரை பார்கூட வராது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு அழுத்தம் தருகிற பம்பில் பல பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். அது இல்லாமல் இரும்போடு இரும்பு உரசினால் பொடிப் பொடியாகத் துகள் கிளம்பும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத துகள். அது ரயிலுக்குப் போகும், அங்கிருந்து முடியளவு துளை உள்ள இன்ஜெக்டருக்குப் போகும், மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டாங்குக்கே திரும்பி வரும். அந்த நிலைமைக்குப் போனால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி முடியாது. பம்ப், ரயில், நாலு இன்ஜெக்டர், டாங்கைக் கழுவுவது என்று பில் லட்சத்தைத் தொட்டுவிடும். ஒருமுறை நின்ற எல்லா வண்டிக்கும் இப்படி ஆகாது, எனக்கும் ஆகவில்லை. ஆனால் காற்று புகுந்த நிலையில் விடாமல் செல்ஃப் அடிப்பது அந்தப் பம்பை எண்ணெய் இல்லாமல் சுற்ற வைப்பதுதான்.

நேரடி ஊசிமுறை பெட்ரோல் இன்ஜின்கள், அதாவது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் வகை, இப்போது டர்போ கார்களில் நிறைய வருகின்றன. அவற்றிலும் ஒரு உயர் அழுத்தப் பம்ப் உண்டு. டீசல் அளவுக்கு இல்லையென்றாலும் அதே எச்சரிக்கைதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றால் என்ன செய்வது?

இதுதான் உண்மையில் ஆபத்தான பகுதி. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆனால் திரும்பும், கொஞ்சம் பலம் போட வேண்டும். பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிக்குத்தான் துணை விசை மிச்சம் இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் விழுந்தால் வண்டி நேராகப் போகிற இடத்துக்குத்தான் போகும். இக்னிஷன் ஆனிலேயே இருக்கட்டும், ஏர்பேக்குக்கும் அதுதான் நல்லது.

முதல் குலுக்கல் வந்தவுடனே இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்ற நப்பாசையில் நடு லேனில் நின்றவர்களை நான்குவழிச் சாலையில் பார்த்திருக்கிறேன், பின்னால் மணல் லாரி வருகிறது. ஓரம் கட்டியதும் ஹசார்ட் லைட், முக்கோணப் பலகை, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம். முக்கோணத்தை வண்டிக்கு ஒட்டி வைத்தால் பிரயோசனம் இல்லை, நன்றாகப் பின்னால் நடந்துபோய் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம், எந்த நேரத்திலும் எடுப்பார்கள். ரோந்து வண்டி வந்து பின்னால் விளக்கைப் போட்டு நின்றாலே பாதி உயிர் வந்துவிடும்.

பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றலாமா?

பெரும்பாலான பங்குகளில் பாட்டிலில் தரமாட்டார்கள், பலகையே வைத்திருப்பார்கள். கடுப்பாக இருக்கும், ஆனால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடியது, நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் பாட்டிலை இடுக்கிக்கொண்டு பைக்கில் வருவது வேண்டாத வேலை. எரிபொருளுக்கென்றே செய்த கேன் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் இன்சூரன்ஸோடு ரோடு உதவி எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள், பல பாலிசிகளில் அது இருக்கும், எரிபொருள் கொண்டுவந்து தருவதும் அதில் அடங்கியிருக்கலாம். நம்மில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டிக்கியில் நிரந்தரமாக ஒரு கேன் பெட்ரோல் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. மே மாதத்தில் மூடிய காருக்குள் அது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

இன்னொரு வண்டியிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுப்பது அடுத்த வீரம். ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா வரை கொண்டுபோகும். பல புதிய கார்களில் குழாய் உள்ளேயே போகாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

போகிறவரிடம் ‘பெட்ரோல் வாங்கிட்டு வா’ என்று வாய்தவறிச் சொல்லாதீர்கள், டீசல் வண்டி என்றால் டீசல் என்றே சொல்லி அனுப்புங்கள். நம் பேச்சில் எல்லாமே பெட்ரோல்தான், போகிறவரும் அப்படியே வாங்கி வந்துவிடுவார். டீசல் டாங்கில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், மேலே சொன்ன அந்த லட்ச ரூபாய்க் கதை இன்னும் வேகமாக நடக்கும். ஊற்றிவிட்டால் சாவியையே போடாமல் டோ செய்து கொண்டுபோய் டாங்கைக் காலி செய்யுங்கள்.

ஊற்றியாயிற்று, இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையே?

எவ்வளவு ஊற்றினீர்கள்? அரை லிட்டர் பாட்டில் காருக்குப் பத்தாது. பைக் ஞாபகத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கி வருவார்கள். சமதரையாக இருந்தால் இரண்டு மூன்று லிட்டர், வண்டி சாய்வாக நின்றால் ஐந்து. சரிவில் பெட்ரோல் ஒரு மூலைக்குப் போய் நிற்கும், பம்ப் இன்னொரு மூலையில் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் காரில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மூன்று நான்கு விநாடி விடுங்கள். பின்னாலிருந்து பம்ப் ஒரு நொடி முனகுவது கேட்கும். ஆஃப். மறுபடி ஆன். இப்படி நாலு முறை செய்தால் லைன் நிரம்பிவிடும், அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை அமுக்கினால் இதே ஆன் நிலை வரும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்குமேல் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடம் விடுங்கள். செல்ஃப் மோட்டாரும் சூடாகிற சாமான்தான்.

டீசலில் ஹேண்ட் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். டாங்குக்குள் மின் பம்ப் இருக்கும் டீசல் வண்டிகளில் இக்னிஷன் ஆன் ஆஃப் செய்வதே போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கும் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், என்னை மாதிரி அடம்பிடிக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனபின் செக் இன்ஜின் லைட் எரிந்தால் பயப்பட வேண்டாம். மிஸ் அடித்ததைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும், இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் லைட் எரிந்தபின் எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

பல கார்களில் டாங்கில் ஐந்து முதல் எட்டு லிட்டர் மிச்சம் இருக்கும்போது எரியும். ஐந்து லிட்டர், லிட்டருக்குப் பதினைந்து என்றால் எழுபத்தைந்து கிலோமீட்டர். காகிதத்தில் அவ்வளவுதான், நான் நாற்பது என்றே கணக்கு வைக்கிறேன். திரையில் காட்டும் ‘இன்னும் இவ்வளவு தூரம்’ என்பது கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டர்களின் மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. நெடுஞ்சாலையில் நிதானமாக வந்தபோது போட்ட கணக்கு, ஏசியோடு ஊர் டிராஃபிக்கில் மாட்டினால் செல்லாது. அதை நம்பித்தான் நான் அந்த இரவு நின்றேன்.

முள்ளும் அவ்வளவு உத்தமம் இல்லை. டாங்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, அவ்வளவுதான். சரிவில் நிறுத்தினால் ஏறி இறங்கும், பழைய வண்டியில் சிக்கியும் கொள்ளும். முள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் மைலேஜ் கூடிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்.

இதோடு ஒட்டிய ஒரு புகார்: ‘37 லிட்டர் டாங்கில் 39 லிட்டர் போட்டதாக பில் தருகிறான்.’ புத்தகத்தில் போட்டிருக்கும் கொள்ளளவு, மேலே விரிவதற்கு விட்ட இடத்தையும் ஊற்றும் குழாயையும் சேர்க்காதது. கழுத்துவரை ஊற்றினால் கூடத்தான் பிடிக்கும். ஆனால் கழுத்துவரை ஊற்றாதீர்கள். ஒருமுறை நடுரோட்டில் நின்று பயந்தவர்கள் ‘ரவுண்டா போடுங்க’ என்று ஆட்டோ கட் ஆனபிறகும் ஊற்றச் சொல்வார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் பெட்ரோலே போய்விட்டால் அது வீண். தீர்ந்துபோவதால் வருவதைவிட இந்தச் சேதம் சில நேரம் சீக்கிரம் வரும்.

மலைக்குப் போகும்போது?

கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே போவதால் மைலேஜ் பாதியாகும். ஒவ்வொரு வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கமாகப் போய் மோதும், குறைவாக இருந்தால் பம்ப் அந்த நொடியில் காற்றை இழுக்கும், சரியாக வளைவின் நடுவில் வண்டி முக்கும். பின்னால் பஸ் இருக்கும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டாலே இப்போதைய இன்ஜின்கள் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடுகின்றன, அணைப்பதால் கூடுதலாக எதுவும் மிச்சமாகாது. பிரேக்தான் போகும்.

பைக்கில் இந்தப் பிரச்சினையே இல்லையே, ரிசர்வ் போட்டால் போதுமே?

அது அந்தக் காலம். ஓட்டிக்கொண்டே இடது கையைக் கீழே விட்டு, பார்க்காமலேயே குமிழைத் திருப்புவோம், வண்டி ஒரு விக்கு விக்கிவிட்டு ஓடும். ஸ்கூட்டரைத் தரையில் படுக்கப்போட்டு நிமிர்த்தினால் இன்னும் ஒரு கிலோமீட்டர் வரும், அதற்கும் தீர்ந்தால் டாங்கைத் திறந்து வாயால் ஊதுவோம். கார்புரேட்டர் வண்டிக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு பெரும்பாலான பைக்கிலும் ஸ்கூட்டரிலும் ஊசிமுறைதான், ரிசர்வ் குமிழும் போயிற்று, கார் மாதிரியே டாங்குக்குள் மின் பம்ப். படுக்கப்போட்டு நிமிர்த்தும் வித்தை அங்கே பம்புக்குக் காற்று ஊட்டுவதுதான்.

சிஎன்ஜி, ஹைபிரிட், மின்சாரக் கார்?

சிஎன்ஜி வண்டியில் கேஸ் தீர்ந்தால் தானாகப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், பெட்ரோல் விலைக்குப் பயந்து பெட்ரோல் டாங்கை எப்போதுமே வறண்டு வைத்திருப்பது. வெளியே கிட் மாட்டிய சில வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே பம்ப் சாவது சீக்கிரம். கால் டாங்க் பெட்ரோல் இருக்கட்டும்.

ஹைபிரிட்டில் பெட்ரோல் தீர்ந்தபிறகு பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள், அந்தப் பேட்டரியும் படுத்துவிட்டால் பெட்ரோல் ஊற்றியும் இன்ஜினைக் கிளப்ப ஆள் இல்லை. மின்சாரக் கார் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கும், அன்றைக்கே சார்ஜ் போட்டால் பாதகமில்லை. பூஜ்யத்தில் வாரக்கணக்கில் நிறுத்துவதுதான் கெடுதல்.

சில பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் டெஃப் என்று யூரியாக் கரைசல் ஊற்றுகிறோமே, அது தீர்ந்தாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒருமுறை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது. டீசல் டாங்க் நிறைய இருந்தும் வண்டி அடம்பிடித்தால் முதலில் அதைப் பாருங்கள். அதை டீசல் டாங்கில் ஊற்றிவிடாதீர்கள், மூடி பக்கத்திலேயே இருக்கும்.

பெட்ரோல் இல்லாமல் நின்றால் அபராதம் உண்டா?

சும்மா கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். 2022-இல் கேரளாவில் புல்லட் ஓட்டிய ஒருவருக்கு, போதிய எரிபொருள் இல்லாமல் பயணிகளோடு ஓட்டியதாக 250 ரூபாய்க்கு ரசீது வந்து நாடே சிரித்தது. அவர் செய்த தப்பு ஒருவழிப் பாதையில் எதிரே வந்தது, ரசீதில் விழுந்த பிரிவு வேறு. பயணிகளை ஏற்றும் வாடகை வண்டிகளுக்கான விதி அது. ஜெர்மனியில் கதையே வேறு, ஆட்டோபானில் நிற்பதே குற்றம், பெட்ரோல் தீர்ந்தது என்பதைச் சாக்காக ஏற்கமாட்டார்கள், பார்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்பார்கள்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும்போது காலியாக விடலாமா?

வேண்டாம். இப்போது நம் பங்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் மேலே காற்று அதிகம், கடலோர ஊர் என்றால் ஈரமும் அதிகம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற வண்டிக்குப் பொருட்டு. முக்கால் டாங்குக்குமேல் வைத்து, வாரம் ஒருமுறை யாரையாவது எடுத்து ஓட்டச் சொல்லுங்கள், ஸ்டார்ட் செய்து அணைப்பது மட்டும் பத்தாது.

கடைசியாக, எவ்வளவு இருக்கும்போது போட வேண்டும்?

ஊருக்குள் கால் டாங்க், நெடும்பயணத்தில் பாதி. நான் அப்படித்தான். கால் டாங்கில் போட்டாலும் மாதத்துக்குச் செலவாகும் பணம் ஒன்றுதான், ‘கையில ஐநூறுதான் இருக்கு’ என்பவர்களுக்கும் அந்த ஐநூறைக் கால் டாங்கின் மேல் போடுவதில் நஷ்டம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். 2022-இல் அங்கே எரிபொருள் இல்லாமல் போனபோது நாட்கணக்கில் வரிசையில் நின்றவர், இன்ஜினை அணைத்துவிட்டு அடி அடியாகக் காரைத் தள்ளிக்கொண்டு போனவர். எரிபொருளை அளந்து கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர்தான். பிறகு தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது, ஆனாலும் அவருடைய முள் பாதிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

என் மச்சான் இன்னும் ரிசர்வில்தான் ஓட்டுகிறான். போன வாரம்கூடப் போன் வந்தது, “மாமா, திரையில முப்பது காட்டுது, செங்கல்பட்டு வரைக்கும் போயிடலாமா?”